யோசெப்புக்காக ஊர்தோறும் கேட்ட கேள்வி

பீடத்தை விட்டு இறங்கிய கையோடு இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அருட்பணி பேனாட் அடிகளார் அவர்களே! நவம்பர் மாதக் குளிரிலும் பஸ் ஏறி, மெத்ரோ மாறி, இந்த மண்டபம் நிறைய வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியிலும் பாரத்தை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! டோர்வல் விமான நிலையத்தில் காலை வேலையை முடித்துவிட்டு, உடுப்பு மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருக்கும் தோழர்களே!

மேடையிலே நாற்காலி போட்டும் ஏறி வர மறுத்து, உங்களோடு உங்களாக மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் நோர்வே நாட்டு எழுத்தாளர் தொருன் ஹோவிக் அம்மையார் அவர்களே! சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து பறந்து வந்து, தலை நிமிராமல் அமர்ந்திருக்கும் கணேசலிங்கம் அவர்களே! எல்லோருக்கும் மேலாக, இன்றுதான் முதன்முதலாகக் கறுப்பு உடுத்திருக்கும் எங்கள் இமெல்டா அக்கா அவர்களே! அவருடைய மகள் செலீன் அவர்களே! உங்கள் அனைவர் முன்னும் தலை தாழ்த்தி, என் பேச்சைத் தொடங்குகிறேன்.

என் பெயர் உருத்திரமூர்த்தி. மொன்றியல், பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ் வாசகர் வட்டத்தின் செயலாளர். நெற்றியில் திருநீறு பூசிய ஒருவனுக்கு மாதா கோயில் மண்டபத்தில் என்ன வேலை என்று யாராவது நினைக்கலாம். ஒருவரும் நினைக்கவில்லையா? நல்லது. நடந்ததை முதலிலிருந்து கண்டவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார் அடிகளார். நான் சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லும் இமெல்டா அக்காவும் கணேசலிங்கம் அவர்களும் அனுமதி தந்த சொல்.

அன்பர்களே! நோர்வே என்ற பெயரைக் கேட்டால் நமக்கு என்ன நினைவு வரும்? இந்த இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில் அதை விளக்கவும் வேண்டுமா? இலங்கைச் சமாதானப் பேச்சு நினைவு வரும். வந்து போன தூதுவர்கள் நினைவு வரும். வராமலே போன விடிவு நினைவு வரும். ஆனால் இந்த அம்மையார் சமாதானத் தூதுவர் அல்லர். இவர் கொலைக்கதை எழுதுகிறவர். ஆம் அம்மா, கொலைக்கதைதான். துப்பறியும் நாவல்! வடகடல் ஓரத்துச் சிற்றூர்களில் ஒரு பிணம் கிடைக்கும், அல்லது ஓர் ஆள் காணாமற் போவான். ஒரு பொலிஸ்காரி குளிர்க் கோட் ஒன்றைக் கொளுவிக்கொண்டு புறப்படுவாள். கடைசிப் பக்கத்தில் உண்மை வெளியே வரும். பல மொழிகளில் படிக்கிறார்கள். சென்ற ஏப்ரலில், புதிய நாவலின் வாசிப்புப் பயணத்தில், பதிப்பகத்தார் அவரை நகரம் நகரமாக அனுப்பினார்கள். முதல் நகரம் நம் மொன்றியல். வசந்தகால இலக்கிய விழா.

அந்த நாவலின் பிரெஞ்சுப் பதிப்பு செலீனின் கைக்கு வந்தது. செலீன் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பகலெல்லாம் கார்டெரி என்னும் காப்பகத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை. மாலையில் வீட்டுக்கு வந்தால் புத்தகத்தை விட்டு நிமிராத பிள்ளை. தாயோ டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் சமையற்கூடத்தில் வேலை. மகள் படிக்க, "என்ன கதை பிள்ளை?" என்று தாய் கேட்க, மகள் சொல்லத் தொடங்கினாள். ஏரிக்கரை ஊர் ஒன்றில் மரம் வெட்டும் ஒரு மனிதன் காணாமற் போகிறான். பணக்காரன் அல்லன், பதவிக்காரன் அல்லன். பொலிஸ்காரி வீடு வீடாகப் போகிறாள். நாய்களைக் கொண்டுவருகிறார்கள். சுழியோடிகளை ஏரிக்குள் இறக்குகிறார்கள். பனி விழுகிறது, பனி உருகுகிறது, தேடுகிறார்கள், இன்னும் தேடுகிறார்கள்.

அடுத்த நாள் மாலை, வேலையால் வந்த தாய் சப்பாத்தைக் கழற்றமுதல் கேட்டாராம்:

"ஆளைக் கண்டுபிடிச்சிட்டினமோ?"

"இன்னும் இல்லை அம்மா. தேடுகினம்."

"ஒரு ஆளுக்காக இவ்வளவு பேரோ?"

சிரித்திருக்கிறாள் செலீன். "அது கதைதானே அம்மா" என்றிருக்கிறாள். தாய் சிரிக்கவில்லை.

ஏன் சிரிக்கவில்லை? மன்னார்க் கரையில் பிறந்தவர் இமெல்டா அக்கா. அவருடைய கணவர் யோசெப் கடற்றொழிலாளி. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் சனம் கரைக்கு ஓடி வந்தபோது, மீன் ஏற்றிய படகில் மனிதரை ஏற்றி, இந்தியக் கரையில் இறக்கிவிட்டுத் திரும்பி வருவார். மறுபடியும் ஏற்றுவார். அந்தப் படகை எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கம்தான் பச்சை. மறுபக்கம் வெறும் பலகை. சண்டையில் கடைகள் பூட்டிவிட்டன, பூசி முடிக்கப் பெயின்ற் கிடைக்கவில்லை. ஒரு விடிகாலை அந்தப் படகு ஆட்களோடு போனது. யோசெப் திரும்பி வரவில்லை.

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இமெல்டா அக்கா இன்னொரு படகில் அக்கரை போனார். முகாம் முகாமாகக் கேட்டார். கண்டவர் இல்லை. பின்னர் தமையன் கூப்பிட்டு மொன்றியலுக்கு வந்தார். வந்த பின்னும் தாலியைக் கழற்றவில்லை. நவம்பர் பிறந்தால் இந்தக் கோயிலில் இறந்தோரின் பெயரை வாசிப்பார்கள் அல்லவா? அடிகளார் மெதுவாகக் கேட்பார், யோசெப்பின் பெயரையும் சேர்ப்போமா என்று. அக்கா சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான்:

"அவர் செத்தவரெண்டு ஆர் சொன்னது சுவாமி?"

யார் சொன்னது? யார் சொல்ல முடியும்? செத்தவனுக்கு அழலாம், இருப்பவனுக்குச் சமைக்கலாம். செத்தவனா இருப்பவனா என்று தெரியாதவனுக்கு என்ன செய்யலாம்? தாய்மார்களே, உங்களில் எத்தனை பேருக்கு இந்தக் கேள்வியின் எடை தெரியும்! தலையசைக்கிறீர்கள். எனக்குத் தெரிகிறது.

ஆக, விழாவுக்கு எங்கள் வாசகர் வட்டம் புறப்பட்டபோது இமெல்டா அக்காவும் வந்தார். நகர நடுவிலே ஒரு ஹோட்டல் மண்டபம். அம்மையார் வாசித்தார். பிறகு கேள்வி நேரம். பொலிஸ்காரிக்கு ஏன் கணவன் இல்லை என்று ஒருவர் கேட்டார். காலையில் எழுதுவீர்களா மாலையில் எழுதுவீர்களா என்று இன்னொருவர் கேட்டார். அப்பொழுது என் பக்கத்து நாற்காலி அசைந்தது. இமெல்டா அக்கா எழுந்து நின்றார். தட்டுத் தடுமாறும் தன்னுடைய பிரெஞ்சில், விழா மொழிபெயர்ப்பாளர் அம்மையாருக்கு ஆங்கிலமாக்க, கேட்டார்:

"அம்மா, உங்கட நாட்டில உண்மையா இப்பிடித் தேடுவினமோ? என்ரை மனுசன் காணாமப் போய்ப் பதினேழு வருசம். ஒருத்தரும் தேடேல்லை. தேடச்சொல்லி நான் ஆரிட்டக் கேக்கவேணும்?"

அம்மையார் என்ன சொன்னார்? அவரே பிறகு எங்களிடம் வருந்திச் சொன்னதால் நானும் சொல்கிறேன். பல மேடைகளில் சொல்லிப் பழகிய ஓர் அழகான வாக்கியத்தைச் சொன்னார். வாழ்க்கை தர மறுக்கும் விடையை வாசகருக்குத் தருவதுதான் துப்பறியும் கதையின் வேலை என்றார். கைதட்டினார்கள். இமெல்டா அக்கா "மெர்சி" என்று நன்றி சொல்லி அமர்ந்தார்.

கூட்டம் முடிந்து, பார்க் அவெனியூ பஸ்ஸுக்காக நாங்கள் தெருவோரம் நின்றோம். பனி கரைந்த சேறு, முகத்தில் அடிக்கும் காற்று. கோட் இல்லாமல், கழுத்தில் விழா அட்டை ஆட, ஒரு பெண் ஓடி வருகிறார். யார்? புத்தகத்தில் கையெழுத்து வாங்க வரிசையாக ஆட்கள் காத்திருக்க, பேனாவை மேசையில் வைத்துவிட்டு ஓடி வந்த தொருன் ஹோவிக்! இமெல்டா அக்காவின் கையைப் பிடித்து ஆங்கிலத்தில் சொன்னார், செலீன் தமிழாக்கினாள்: "நான் உங்களுக்குப் பதில் சொல்லவில்லை. கைதட்டு வாங்கினேன், அவ்வளவுதான். நாளை உங்கள் வீட்டுக்கு வரலாமா?"

வந்தார். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம். நானும் இருந்தேன். தேநீர் ஆறிப்போகும்வரை இமெல்டா அக்கா சொன்னார். செலீன் ஆங்கிலமாக்கினாள். முடிவில் அக்கா கேட்டது ஒன்றுதான்: "இதைக் கதையாக்கிப் போடாதேங்கோ." அம்மையார் வாக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, இன்னொன்று சொன்னார்:

"நான் இன்னும் பல நகரங்களுக்குப் போகிறேன். எல்லா இடத்திலும் மக்கள் என்னிடம் கேள்வி கேட்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் நான் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். நீங்கள் சம்மதித்தால்."

தமிழாக்கிக்கொண்டிருந்த செலீன் பாதியில் நிறுத்திவிட்டாள். முகம் சிவந்து தாயிடம் திரும்பினாள்.

"வேண்டாம் அம்மா. ஒருத்தரும் ஒண்டும் சொல்லாட்டி நீங்கள் திரும்பவும் உடைஞ்சு போவியள். எத்தினை தரம் நான் உங்களைத் தூக்கி நிப்பாட்டுறது?"

"சொல்லாட்டி இருக்கிற மாதிரியே இருப்பன் பிள்ளை."

"சொன்னா? அப்பா இல்லையெண்டு சொன்னா?"

இமெல்டா அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே தெப்பனர் என்னும் மூலைக்கடைக்காரர் பெட்டிகளை இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா சொன்னார்: "கேக்கட்டும். ஒரு ஆளெண்டாலும் கேக்கட்டும்."

அன்பர்களே! கேட்டார். ரொறன்ரோவில் கேட்டார். நாவல் வாசித்து முடித்து, கைதட்டல் ஓய்ந்து, விளக்குகள் எரிய, ஒரு தாளும் கையில் இல்லாமல் கேட்டார்: "மன்னாரிலிருந்து போன படகோட்டி யோசெப்பைக் கண்டவர் உண்டா? மனைவி இமெல்டா. மகள் செலீன். ஒரு பக்கம் மட்டும் பச்சை பூசிய படகு." பதில் இல்லை. சிக்காகோவில் கேட்டார். சிலர் எழுந்து வெளியே போனார்கள். கிளாஸ்கோவில் கேட்டார். புத்தகம் விற்கும் புதுத் தந்திரம் என்று ஒரு பத்திரிகை எழுதியது. பதிப்பகத்தார் கூப்பிட்டுச் சொன்னார்கள்: சனம் பொழுதுபோக்க வருகிறது, மனம் நோக வைக்காதீர்கள் என்று. லண்டனில் கேட்டார். பாரிஸில் கேட்டார். கேட்டுவிட்டு ஒவ்வொரு நகரத்திலிருந்தும் மூன்றாம் மாடிக்குத் தொலைபேசியில் பேசுவார். "இன்று இல்லை" என்பார். "காரியமில்லை அம்மா, சாப்பிட்டியளோ?" என்பார் இமெல்டா அக்கா.

செலீன், நான் வேகமாகப் போகிறேனா? அம்மையாருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல அவகாசம் வேண்டுமா? ஆறுதலாகச் சொல் பிள்ளை. நாங்கள் காத்திருக்கிறோம்.

பிறகு பாசல். சுவிற்சர்லாந்திலே ஒரு நூலக மண்டபம். கேட்க வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் சுவிஸ்காரர். இடையிலே ஒரேயொரு தமிழ்ப் பிள்ளை, பிரஷாந்தினி என்று பெயர், பல்கலைக்கழக மாணவி. கொலைக்கதைப் பைத்தியம் என்று தகப்பனிடம் ஏச்சு வாங்குகிறவள். அம்மையாரின் அந்தக் கேள்வி அவள் காதில் விழுந்தது. வீட்டுக்குப் போனாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த தகப்பனிடம் சொன்னாள்: "அப்பா, அந்த நோர்வே மனுசி ஒரு மன்னார்க்காரரைப் பற்றிக் கேட்டவா. ஒரு பக்கம் மட்டும் பச்சையடிச்ச வள்ளமாம்."

தகப்பன் கையை உதறவில்லை, கழுவவில்லை. சோற்றுக் கையோடு எழுந்தார்.

"மனுசின்ர பேர் சொன்னவையோ?"

"இமெல்டா எண்டவா."

அந்தத் தகப்பன்தான் இதோ, தலை குனிந்து அமர்ந்திருக்கும் கணேசலிங்கம் அவர்கள். விடிந்ததும் ஹோட்டல் வாசலில் போய் நின்றார். அங்கிருந்து, அம்மையாரின் தொலைபேசியிலிருந்தே, மொன்றியலுக்குப் பேசினார். அந்த உரையாடலைச் செலீன் எனக்குச் சொன்னபடி சொல்கிறேன்.

"அக்கா, நான் அந்த வள்ளத்தில போனனான். எங்களுக்கு அவரின்ரை பேர் தெரியாது. அண்ணை எண்டுதான் கூப்பிட்டது. விடியப்புறம், பனிப்புகார் மூடியிருந்தது. எங்கையோ தள்ளி நிண்ட வள்ளத்திலயிருந்து வெடி வந்தது. அண்ணை எங்களைப் படுக்கச் சொல்லிப்போட்டுத் தான் நிண்டு வள்ளத்தைத் திருப்பினவர். அவருக்குத்தான் பட்டது."

கணேசலிங்கம் அவர்கள் மேலும் சொன்னாராம்:

"இடையில இருக்கிற மணல் திட்டியில ஏத்தினனாங்கள். கொஞ்ச நேரம் உயிர் இருந்தது. இமெல்டா, இமெல்டா எண்டு ரண்டு தரம் சொன்னவர். நான் இந்தியாவில, மண்டபம் எண்ட ஊர் அகதி முகாமில இமெல்டா எண்டு தேடினனான் அக்கா. ஒரு இமெல்டா இருந்தவா. போய்க் கேட்டன். அவ வேறை ஆள்."

அப்பொழுது இமெல்டா அக்கா கேட்டார். சட்டம் கேட்கவில்லை. சாட்சி கேட்கவில்லை. சுட்டவன் யார் என்று கேட்கவில்லை. என்ன கேட்டார் தெரியுமா?

"தண்ணி குடுத்தனியளோ தம்பி?"

"குடுத்தனான் அக்கா. என்ரை மடியில வைச்சுத்தான் குடுத்தனான். அவர் தனியச் சாகேல்லை."

அழுங்கள் அம்மா. அடக்கவேண்டாம். இது அழுவதற்கென்றே கூடிய அவை.

மண்ணைக் கையால் தோண்டி அடக்கம் செய்தார்கள். உடைந்த பலகை இரண்டைக் குறுக்கே கட்டிச் சிலுவை நட்டார்கள். கணேசலிங்கம் அவர்களுக்குச் செபம் தெரியாது. "எனக்குத் தெரிஞ்சது தேவாரம்தான் அக்கா. அதைத்தான் பாடினன். பிழையெண்டால் மன்னிக்கவேணும்" என்றார். அதற்கு இந்தத் தாய் சொன்ன பதிலை இம்மண்டபத்தின் சுவரில் பொறிக்கலாம்: "கடவுளுக்குத் தமிழ் தெரியும்தானே தம்பி."

இதனால்தான் இன்றைய திருப்பலி. இதனால்தான் சென்ற வாரம் அந்தப் பெயர் முதன்முறையாக இந்தப் பீடத்திலே வாசிக்கப்பட்டது. வாசித்தபோது செலீன் தாயைத் தாங்கத் தயாராக நின்றாள். தாய் விழவில்லை. தாய் நிமிர்ந்து நின்றார். விழுந்தழுதது மகள், தாங்கியது தாய்.

ஆனால் அவையோரே, ஒன்றை நாம் மறைக்கக்கூடாது. அம்மையாரின் நாவலிலே கடைசிப் பக்கத்தில் கொலையாளியின் பெயர் இருக்கும். நம் கதையில் அந்தப் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. யார் சுட்டது என்று கணேசலிங்கம் அவர்களிடம் பலர் கேட்டார்கள். இந்தப் பக்கத்தார் என்று சொல்லச் சொன்னவர் உண்டு, அந்தப் பக்கத்தார் என்று சொல்லச் சொன்னவரும் உண்டு. "புகாருக்குள்ள நான் காணேல்லை. காணாததைச் சொல்லமாட்டன்" என்றார். அந்த வாய்மைக்கு முன்னால் என் மேடைத் தமிழெல்லாம் மண்டியிடுகிறது! நீதி கிடைத்ததா? கிடைக்கவில்லை. தேடவேண்டியவர்கள் தேடினார்களா? தேடவில்லை. கிடைத்தது என்ன? ஒரு மனிதன் எப்படி இறந்தான், யார் மடியில் இறந்தான், யார் பெயரைச் சொல்லி இறந்தான் என்ற உண்மை. அந்த உண்மையை ஓர் அரசாங்கமும் தரவில்லை. ஓர் அந்நியப் பெண்மணி கேட்டார், ஓர் அகதி மனிதர் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது!

அப்படியானால் நம்மை நான் கேட்கிறேன். அந்த அம்மையார் நகரம் நகரமாகக் கேட்ட கேள்வியை இந்த மண்டபத்திலே, என் மக்கள் முன்னிலையிலே, நான் கேட்கிறேன். கண்டதைச் சொல்லாமல் வைத்திருப்பவர் நம்மில் இல்லையா? கடலிலே கண்டவர் இல்லையா? காட்டிலே கண்டவர் இல்லையா? காவலறையில், கப்பலறையில், எல்லை கடந்த பாரவண்டியின் இருட்டில், பக்கத்தில் இருந்தவனின் கடைசிச் சொல்லைக் கேட்டவர் நம்மில் ஒருவரும் இல்லையா? நீங்கள் மறக்க முயலும் ஒரு முகத்துக்காக எங்கோ ஒரு வீட்டில் ஒரு தாய் இன்னும் ஒரு தட்டைக் கூடுதலாகக் கழுவுகிறாள். பயந்தீர்கள், குற்றமில்லை. பிழைக்கவேண்டியிருந்தது, குற்றமில்லை. ஆனால் இன்னும் எவ்வளவு காலம் பேசாமல் இருப்பது? பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் உடுத்திருந்த உடுப்பைச் சொல்லுங்கள். அதுவும் தெரியாவிட்டால் இருந்த இடத்தைச் சொல்லுங்கள். சொல்லுங்கள், சொல்லுங்கள், சொல்லுங்கள்!

யாரது? பின்கதவுப் பக்கம் எழுந்து நிற்பது யார்? வெளிச்சம் கண்ணில் படுகிறது, முகம் தெரியவில்லை. அருமைநாதன் அண்ணையா? என்ன அண்ணை? சற்று உரக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளே, கொஞ்சம் சத்தம் போடாதீர்கள்.

"எனக்கு ஒராளைத் தெரியும் மூர்த்தி. சண்டை நேரம் ஆசுப்பத்திரியில என்ரை பக்கத்துக் கட்டிலில கிடந்து செத்தவர். பேரும் தெரியும், ஊரும் தெரியும். இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

கேட்டீர்களா அவையோரே? வாருங்கள் அண்ணை, மேடைக்கு வாருங்கள். முன்னால் இருப்பவர்கள் நாற்காலியை இழுத்து வழி விடுங்கள். செலீன், அம்மையாருக்குச் சொல், என்ன நடக்கிறது என்று. அவசரமில்லை அண்ணை, மெதுவாக நடந்து வாருங்கள். நாங்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம்.

அடிகளாருக்கும், தாய்மார்களுக்கும், தொலைவிலிருந்து வந்த இருவருக்கும், பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. கரம் குவித்து விடைபெறுகிறேன். இதோ ஒலிவாங்கி, அண்ணை. முதலில் அவருடைய பெயரைச் சொல்லுங்கள்.